அப்பப்பாவின் மூத்த மனைவி

எங்கள் அப்பப்பாவுக்கு இரண்டு கலியாணம். இரண்டாவதாகக் கட்டியது எங்கள் அப்பாச்சியை. முதலில் கட்டியது அப்பாச்சியின் சொந்தத் தமக்கையை. இதை வீட்டில் யாரும் மறைத்ததில்லை, பேசியதும் இல்லை. எப்போதாவது ‘மூத்தவ’ என்று ஒரு சொல் விழும். விழுந்த கையோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அவருடைய பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. படம் இல்லை. என்ன வயதில் செத்தார் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். எதனால் என்று கேட்டால் இன்னும் மோசம். காய்ச்சல் என்பார் ஒருவர், வலிப்பு என்பார் இன்னொருவர். ஊரில் இருந்த ஒரு பெரியம்மா, பேய் அடித்தது என்று சாகும்வரை சாதித்தார்.

படம் இல்லாததற்குக் காரணம் 1983. அந்த ஆடியில் வெள்ளவத்தை வீடு எரிந்தபோது அலுமாரியோடு ஆல்பங்களும் போயின. ஊர் வீட்டில் மிச்சம் இருந்தது 1995 இடப்பெயர்வோடு போனது. கொழும்பில் இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் இதுபோல ஒரு கதை இருக்கும். ஆகவே, ‘வீட்டில் எங்கேயாவது ஒரு கடதாசி கிடக்கும்’ என்று நம்பிக்கொண்டு தேடத் தொடங்கினால் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுவீர்கள். நான் தொடங்கியது ஆட்களிடம். அதிலும் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

சின்னாச்சி என்று நாங்கள் கூப்பிடுவது அப்பாச்சியின் கடைசித் தங்கச்சியை. மூன்று சகோதரிகளில் இளையவர். தமக்கை செத்தபோது அவருக்கு ஏழு வயது. நான் விசாரிக்கப் போனபோது எண்பத்தெட்டு. வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குப் போகும் ஒரு ஒழுங்கையில் மகளோடு இருந்தார். ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். காது கேட்காத குறையைவிட அந்த ரயில்தான் எனக்குப் பெரிய தொல்லை.

“சின்னாச்சி, உங்கட மூத்தக்கா எந்த வருசம் செத்தவ?”

“அதெல்லாம் எனக்கு எங்க தெரியும் பிள்ளை. நான் சின்னன்.”

இதோடு முடிந்திருக்கும். பழசு விசாரிக்கப் போகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் எழும்பி வருகிறார்கள். ஆண்டையும் தேதியையும் ஏழு வயதுப் பிள்ளை மனதில் வைத்திருக்காது. நின்ற இடத்தையும் சாப்பிட்டதையும் வைத்திருக்கும். “அக்காவை வீட்டிலயிருந்து கொண்டுபோகேக்கை நீங்க எங்க நிண்டனீங்கள்?” என்று கேட்டேன். “குசினி வாசல்ல” என்றார், யோசிக்காமல். அப்புறம் வந்துகொண்டே இருந்தது.

தலைப்பிள்ளைப்பேறு தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும். ஆனால் அப்பப்பா கொழும்பில் கந்தோர் (அலுவலக) உத்தியோகம், இங்கே நல்ல டாக்டர்மார் இருக்கிறார்கள் என்று விடவில்லையாம். அதனால் தாயார் கடைசிப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறிக் கொழும்புக்கு வந்துவிட்டார். வெள்ளவத்தை நெசவாலைக்குக் கிட்ட ஒரு வாடகை வீடு. ஆலைச் சங்கு ஊதினால் அடுப்பு மூட்டுகிற நேரம். சின்னாச்சிக்குத் தெரிந்த கொழும்பு அவ்வளவுதான். பின்னேரங்களில் தமக்கை இவரைக் காலி வீதிக்குக் கூட்டிப்போய், கடைப் பலகைகளில் இருந்த இங்கிலீசு எழுத்துகளைக் காட்டிக் காட்டிப் படிப்பித்திருக்கிறார். தமக்கைக்கே அந்த எழுத்துகள் கொழும்புக்கு வந்த பிறகு புருஷன் சொல்லிக்கொடுத்தவைதான். படித்ததை உடனே தங்கச்சிக்குக் கொடுத்திருக்கிறார். “எஸ் எழுதேக்கை அக்கா சொல்லுவா, பாம்பு வளையிற மாதிரி எழுது எண்டு. பாம்பை நான் மறுபக்கம் வளைச்சுப்போடுவன்.” எண்பது வருடம் கழித்தும் அந்த எழுத்தை விரலால் காற்றில் எழுதிக் காட்டினார்.

பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா அனுப்பச் சொல்லித் தமக்கை ஊருக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டாராம். கொழும்பில் மீனுக்குக் குறைவில்லை, கூழ் காய்ச்ச ஒடியல் மா இல்லை. தாயார் வரும்போது ஒரு மூட்டை கொண்டுவந்தார். அது முடியுமுன்னே கூழ் மணம் பிடிக்காமல் போய்விட்டது. முகமும் கையும் ஊதத் தொடங்கியிருந்தன.

“முகம் ஊதினா பொம்பிளைப் பிள்ளை எண்டு அம்மா சொன்னா. காலில நீர் வைச்சிருக்கு எண்டு பார்லி அவிச்சுக் குடுத்தா. பேந்து காப்பு இறுகிப்போச்சு. சவுக்காரம் பூசி இழுத்தும் வரேல்ல. அத்தான் செட்டியார் தெருவில இருந்து நகை செய்யிற பத்தர் ஒராளைக் கூட்டிக்கொண்டு வந்தவர். அந்தாள் காப்புக்கும் கைக்கும் நடுவில ஒரு வெத்திலையை மடிச்சுச் செருகிப்போட்டு, அரத்தால அராவு அராவு எண்டு அராவினது. அக்கா சிரிச்சுக்கொண்டிருந்தா, கூசுது எண்டு.”

நானும் கூட வந்திருந்த மாமியும், அப்பாச்சியின் மகள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மாமியிடம் ஒரு சோடிக் காப்பு இருக்கிறது, அப்பாச்சி கொடுத்தது. இரண்டிலும் ஒரே இடத்தில் ஒட்டுப் போட்ட தடம். பொன்னின் நிறம் அந்த இடத்தில் கொஞ்சம் சிவப்பு. பழைய நகை, எப்போதோ உடைந்திருக்கும் என்றுதான் மாமி இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

சின்னாச்சி மேலே சொன்னார். தலையிடி தலையிடி என்று நெற்றியில் துணி கட்டிக்கொண்டு தமக்கை படுத்துவிட்டார். விளக்கு இரண்டாகத் தெரிகிறது என்றார். ஒரு விடியற்காலை கைகால் இழுத்தது, வாயில் நுரை. பக்கத்து வீட்டார் றிக்‌ஷோ பிடித்துவந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் திரும்பிவந்தது பிரேதமாக. “அண்டைக்கு அத்தான் வீட்டில நிண்டவர். கந்தோர் இல்லாத நாள்.” இந்த வரியை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை. எழுதி மட்டும் வைத்தேன்.

வயதானவர்களிடம் கேட்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, தனியாகப் போங்கள். எங்கள் மாமி நல்லவர், ஆனால் சின்னாச்சி ஒரு வசனம் முடிக்குமுன் “இல்லை சின்னம்மா, அது அப்பிடியில்லை” என்று திருத்திக்கொண்டே இருந்தார். மாமி பிறந்ததே அதற்குப் பிந்தி! அடுத்த தரம் நான் தனியாகத்தான் போனேன், மிச்சம் அப்போதுதான் வந்தது. மற்றது, ஃபோனில் பதிவு செய்யப்போவதாகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். குறிப்பெடுத்தால் நீங்கள் முக்கியம் என்று நினைப்பதுதான் தாளில் ஏறும். வெற்றிலை, பார்லி, கந்தோர் இல்லாத நாள் எல்லாம் விட்டுப்போகும்.

பெயர் கிடைத்தது காணி உறுதியில், அதாவது நிலப் பத்திரத்தில். யாழ்ப்பாணத்தார் ஓடும்போது பிள்ளையையும் உறுதியையும் தூக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள் என்று பகிடியாகச் சொல்வதுண்டு. எங்கள் குடும்பத்தில் அது முழு உண்மை. ஆல்பம் எல்லாம் எரிந்தது, உறுதிக்கட்டு தப்பியது. அதில் 1934இல் நொத்தாரிசு எழுதிய ஒரு சீதன உறுதி இருந்தது. மூத்தவருடைய முழுப்பெயர், தகப்பன் பெயர், மாப்பிள்ளை பெயர், காணியின் பெயர், பரப்பு, நாலு எல்லை எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் சைவக் கலியாணம் பல, பதிவு இல்லாமல் தாலி கட்டியதோடு சரி. விவாகப் பதிவைத் தேடி அலைவதைவிடச் சீதன உறுதியைத் தேடுவது புத்தி. கையில் உறுதி இல்லையென்றால் அந்த ஊருக்குரிய காணிப் பதிவகத்தில் தேடலாம். காணியின் பெயரும், அதே காணிக்குப் பிந்தி எழுதிய ஏதாவது ஒரு உறுதியின் இலக்கமும் தெரிந்தால் பின்னோக்கிப் பிடித்துப் போகலாம்.

அந்தக் கட்டிலேயே 1937ஆம் ஆண்டு உறுதி ஒன்றும் இருந்தது. அதே காணி. அதே பரப்பு. அதே நாலு எல்லை. அதே மாப்பிள்ளை. பெண்ணின் பெயர் மட்டும் வேறு. அது எங்கள் அப்பாச்சி.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையில் சீதனம் பெண்ணுக்குரியது. பிள்ளையில்லாமல் அவள் இறந்தால் அது பிறந்த வீட்டுப் பக்கம் திரும்பும் என்பது பழைய ஒழுங்கு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம் வந்த பிறகும் குடும்பங்கள் அந்தக் கணக்கில்தான் நடந்தன. அக்கா இறந்தால் தங்கச்சியைக் கட்டிக்கொடுப்பதில் பாசமும் உண்டு, காணிக் கணக்கும் உண்டு. இரண்டு உறுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மாமிக்கு வரவில்லை. “காணி வெளியாலை போகாமத்தானே. அதில என்ன பிழை?” என்றார். அப்பாச்சியிடம் யாராவது விருப்பம் கேட்டார்களா என்று கேட்டேன். மாமி தேத்தண்ணி போட எழும்பிவிட்டார்.

இறந்த நாளைக் கொடுத்தது ஒரு கல்வெட்டு. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் பாட்டுகளாக அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகத்துக்குத்தான் அந்தப் பெயர். வெளியூர் வாசகர்கள் கல்லைத் தேட வேண்டாம். மூத்தவருடைய தகப்பன் வாத்தியார். தானே பாடி நாலு பக்கத்தில் அச்சடித்திருக்கிறார். அதன் ஒரு பிரதி, எங்களுக்குத் தூரத்து உறவான ஒருவரிடம், லண்டனில் ஒரு சூட்கேசில் இருந்தது. குடும்ப வாட்சப்பில் “பழைய கல்வெட்டு, கலியாண அழைப்பிதழ், கடிதம் எது இருந்தாலும் படம் எடுத்துப் போடுங்கோ” என்று கேட்டதற்குக் கிடைத்த பலன் அது. போனவர்களோடு கடதாசிகளும் போயிருக்கின்றன, கேட்கவேண்டியது அவர்களிடம். நூலகம் நிறுவனத்தின் எண்ணிமத் தளத்திலும் இப்படியான நினைவு மலர்கள் நிறைய ஏற்றியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம்.

கல்வெட்டில் ‘திதி நிர்ணயம்’ என்று ஒரு வெண்பா இருக்கும். புலம்பல் பாட்டுகளில் பெரும்பாலும் எல்லாரும் குணவதி, எல்லாரும் கற்பில் அருந்ததி. ஆளைத் தெரிந்துகொள்ள உதவாது. இந்த ஒரு வெண்பாதான் தகவல். எங்கள் கல்வெட்டில் யுவ வருடம், ஆவணி மாதம், பூர்வபக்கம், தசமி என்று இருந்தது. தமிழ் ஆண்டுகள் அறுபதும் சுழன்று வருவதால் யுவ 1875இலும் வரும், 1935இலும் வரும், 1995இலும் வரும். சீதன உறுதி 1934 என்பதால் 1935 என்று நின்றுவிட்டது. கையில் வேறு ஆதாரம் இல்லாமல் ஆண்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் அறுபது வருடம் தள்ளிப் போய் விழுவீர்கள்.

ஆவணி, ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. அந்த வருடம் ஆகஸ்ட் 29இல் அமாவாசை. அதிலிருந்து எண்ணினால் பூர்வபக்கத் தசமி, அதாவது வளர்பிறையின் பத்தாம் திதி, செப்டம்பர் 7, 8 இரண்டு தேதியிலும் படுகிறது. திதி நள்ளிரவில் மாறுவதில்லை, ஒரு நாள் நடுவில் பிடித்து அடுத்த நாள் நடுவில் விடும். ஆகவே திதியை வைத்துக் கணக்குப் பார்த்தால் எப்போதும் பக்கத்து நாளையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். 1935 செப்டம்பர் 8 என்ன கிழமை என்று பார்த்தேன். ஞாயிறு. கந்தோர் இல்லாத நாள்!

இனி மரணப் பதிவு. இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது. 1935 என்றால் பதிவு இருக்கும் என்று துணிந்து போகலாம், அதுவும் கொழும்பு நகரத்துக்குள். பழைய பதிவுகள் கையெழுத்துப் புத்தகங்கள். கணினியில் பெயரைத் தட்டினால் வந்து நிற்காது. யாராவது எழும்பிப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் புரட்டவேண்டும். அந்த ஆளின் வேலையை நாங்கள் எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு விரைவாகக் கிடைக்கும். தேதி தெரியாமல் “முப்பதுகளில் ஏதோ ஒரு வருசம்” என்று போய் நின்றால் யார்தான் தேடுவார்கள்?

அடுத்தது இடம். மரணம் பதிவாவது ஆள் குடியிருந்த இடத்தில் இல்லை, இறந்த இடத்தில். கொழும்பு மாநகரத்துக்குள்ளேயே கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகங்கள். வெள்ளவத்தை இரண்டாவதில். அந்தக் காலப் பதிவாளர் பிரிவுகளின் எல்லை இன்றைய எல்லையும் இல்லை. வீட்டில் இறந்தாரா ஆஸ்பத்திரியில் இறந்தாரா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் புத்தகத்தைப் புரட்டுவது? அந்த றிக்‌ஷோ இங்கேதான் கைகொடுத்தது. உயிரோடு கொண்டுபோனார்கள், பிரேதமாக வந்தார் என்று சின்னாச்சி சொன்னதால் ஆஸ்பத்திரி இருந்த பிரிவைக் கேட்டு விண்ணப்பம் போட்டோம்.

மூன்றாவது எழுத்துக்கூட்டு. அந்தக் காலத்துக் கொழும்புப் பதிவுகளில் பல இங்கிலீசில். நம்முடைய பெயரில் ஒரு ழகரமோ ஞகரமோ இருந்தால் எழுதியவர் காதில் விழுந்தது எதுவோ அதுதான் தாளில் இருக்கும். போகுமுன் பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி, தகப்பன் பெயரையும் புருஷன் பெயரையும் அதேபோல எழுதிக் கொண்டுபோங்கள். எங்களுக்கு உதவிய உத்தியோகத்தர் சிங்களவர், நடுத்தர வயது, தமிழ் தெரியாது. அந்தத் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. முதல் வந்த பதில் ‘இல்லை’. பிறகு அவரே எங்கள் தாளில் நாலாவதாக இருந்த எழுத்துக்கூட்டில் கண்டுபிடித்தார்.

பிரதி கைக்கு வந்தது. 1935 செப்டம்பர் 8. பெண், இலங்கைத் தமிழர். வயது 19. தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு. அறிவித்தவர் புருஷன். அப்பப்பாவின் கையெழுத்தை நான் பென்சன் கடதாசிகளில்தான் பார்த்திருக்கிறேன், நடுங்கி நடுங்கி ஊரும் எழுத்து. பதிவுப் புத்தகத்தின் நகலில் இருந்தது நல்ல நிமிர்ந்த, இருபத்தாறு வயதுக் கையெழுத்து. பிரேதம் எரித்த இடம் பொரளை, கனத்தை மயானம். இறப்புக் காரணத்துக்கும் அடக்கம் செய்த இடத்துக்கும் ஒரே நிரல்தான். அதனால் ஆளின் கல்லறை எங்கே என்று தேடுகிறவர்களும் முதலில் மரணப் பதிவை எடுப்பது நல்லது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் அதற்கு முன் கோயில் பதிவேடு. கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய கோயில்களில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் புத்தகம் இருக்கும். எங்களுக்கு அந்த வசதி இல்லை, எரித்துவிட்டார்கள். தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளையும் பார்த்தேன். எங்கள் ஆளைப் பற்றி ஒன்றும் இல்லை.

இறப்புக் காரணம்: எக்லம்ப்சியா.

என் மைத்துனி ஒருத்தி மகப்பேற்று வைத்தியர். பதிவையும் சின்னாச்சியின் குரலையும் அவளுக்கு அனுப்பினேன். “காப்பு வெட்டின இடத்திலயே எனக்கு விளங்கிப்போச்சு” என்று பதில் வந்தது. கர்ப்பத்தின் இருபதாவது கிழமைக்குப் பிறகு சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் போகும். தலைப்பிள்ளைக்காரருக்கு இது கூடுதலாக வரும். கால் வீங்குவது பல கர்ப்பிணிகளுக்கும் உள்ளதுதான். முகமும் கையும் திடீரென்று ஊதுவது, விடாத தலையிடி, கண் மங்கல் அல்லது இரண்டாகத் தெரிவது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, இவை வேறு. விட்டால் வலிப்பு வரும், அதுதான் எக்லம்ப்சியா. சின்னாச்சி ஏழு வயதில் பார்த்ததை அப்படியே சொல்லியிருக்கிறார், ஒன்று பிசகாமல்.

கையில் பட்டி கட்டி அழுத்தம் பார்க்கும் கருவி 1896இலேயே வந்துவிட்டது. 1905இலிருந்து குழலை வைத்துக் கேட்டும் பார்க்கிறார்கள். கொழும்பில் டி சொய்சா பிரசவ இல்லம் 1879இல் திறந்தது. 1935இல் இதெல்லாம் தெரியாத காலம் இல்லை. மாதாமாதம் போய்க் கையை நீட்டுகிற வழக்கம்தான் எங்கள் ஆட்களிடம் இல்லை. நோ கண்டால்தான் டாக்டர். 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய். இன்று அது ஒரு லட்சத்துக்கு முப்பது அளவில். மருத்துவிச்சி வீட்டுக்கு வந்து பதிந்து, கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் அழுத்தமும் சிறுநீரும் பார்த்து, அந்தக் கர்ப்பிணிப் பதிவேட்டில் குறித்துக் குறித்துத்தான் அங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். வெளிநாட்டில் இருந்து வந்து இங்கே பிள்ளை பெறுகிறவர்களும், தனியார் டாக்டரிடம் காட்டுகிறவர்களும் அந்தப் பதிவேட்டை ‘அது கவண்மேந்துக்காரருக்கு’ என்று ஒதுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஒதுக்காதீர்கள். அழுத்தம் போன மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் போன மாதத்து இலக்கம் வேண்டும்.

அப்படியென்றால் காய்ச்சல் கதை எங்கிருந்து வந்தது? 1934 கடைசியிலும் 1935இலும் இலங்கையில் பெரிய மலேரியா. 1934இல் மழை பொய்த்து, மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் குட்டை குட்டையாய் நின்று, நுளம்பு பெருகி, ஏறக்குறைய எண்பதாயிரம் பேர் இறந்தார்கள். கேகாலை, குருநாகல் பக்கம்தான் பேரடி, கொழும்பு நகரத்துக்குள் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அந்த வருடம் செத்தவர் என்றால் காய்ச்சலில் செத்தவர் என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்துக்கட்டிவிட்டார்கள். குடும்பக் கதைகளில் இது அடிக்கடி நடக்கும். நாட்டில் ஒரு பெரிய அழிவு நடந்த வருடத்தில் இறந்த எல்லாரையும் அந்த அழிவு தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். பேய்க் கதைக்கு விளக்கம் தேவையில்லை. விடியற்புறத்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கைகால் இழுத்துக் கண் சொருகினால் பார்த்த சனம் வேறு என்ன சொல்லும்? வலிப்பு என்று சொன்னவர்கள்தான் உண்மைக்குக் கிட்ட நின்றவர்கள். அவர்களை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் மூத்தவருடைய ஊருக்கும் ஒரு தரம் போய்வந்தேன். சந்தைக்குப் போகும் வழியில் ஒரு சுமைதாங்கி நிற்கிறது. தோளுயரத்தில் இரண்டு தூண், மேலே ஒரு கல். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காகக் கட்டுவது. மூத்தவருடைய தகப்பன் கட்டியது என்று ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். பிள்ளை பிறந்து செத்ததா, வயிற்றோடு போனதா என்று சின்னாச்சிக்கும் தெரிந்திருக்கவில்லை, பதிவிலும் இல்லை. அதற்கு மறுமொழி அந்தக் கல்தான். தெருவை அகலமாக்கியபோது ஒரு தூண் சரிந்து, யாரோ சீமெந்து போட்டு நிமிர்த்தியிருக்கிறார்கள். இப்போது அதன்மேல் கோழித்தீன் விளம்பரம் ஒட்டியிருக்கிறது.

எல்லாம் சேர்ந்த பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. குடும்ப மரம் போடுகிற ஒரு செயலியில் இதையெல்லாம் ஏற்றினேன். அது அப்பப்பாவுக்குக் கீழே ‘மனைவி 1’, ‘மனைவி 2’ என்று தானாகவே போட்டுக்கொண்டது. மாமி பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்ர அம்மா அறுவது வருசம் அந்த மனுசனோட குடும்பம் நடத்தினவ. ஏழு பிள்ளை பெத்தவ. அவவை ரெண்டு எண்டு போடப்போறியோ?”

இதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை. செயலியின் அமைப்பு அப்படி என்றால் அவருக்கு அது மறுமொழி ஆகாது. அதே நேரம், பத்தொன்பது வயதில் செத்த ஒருத்தியை இன்னொரு தரம் விட்டுவிட எனக்கு மனமில்லை. அப்பா “ஒருத்தரையும் போடாதை, சும்மா இரு” என்றார். அப்பாவின் தீர்வுகள் எப்போதும் அப்படித்தான். சின்னாச்சியிடம் கேட்டேன். இரண்டு பேரும் அவருக்கு அக்காதானே. “மூத்தவவை மூத்தவ எண்டு போடு. மற்றவவை அம்மா எண்டு போடு. நம்பர் எதுக்கு? இது என்ன லொத்தரோ?” என்றார்.

செயலியை விட்டுவிட்டு ஒரு சாதாரணத் தாளில் கையால் வரைந்தேன். அப்பப்பாவுக்கு வலப்பக்கம் அப்பாச்சி, அவருக்குக் கீழே ஏழு பிள்ளைகள். இடப்பக்கம் மூத்தவர், முழுப்பெயரோடு, 1916 – 1935. 1916 என்பது பதிவில் இருந்த வயதைக் கழித்துப் போட்டது, அதனால் பக்கத்தில் ஒரு சிறு ‘சுமார்’. இரண்டு சகோதரிகளையும் மேலே தகப்பன் தாயோடு ஒரு கோட்டால் இணைத்துவிட்டேன். அதைப் பார்த்தாலே கதை விளங்கும், இலக்கம் தேவையில்லை. திவசத் திதியைக் கீழே எழுதினேன். ஆவணிப் பூர்வபக்கத் தசமி. திவசத்துக்கு ஒடியல் கூழ் காய்ச்சலாமா என்று கேட்டு மாமியிடம் ஏச்சும் வாங்கினேன், கூழ் என்றால் மீன் போடவேண்டுமே. வெறும் ஒடியற் பிட்டு அவிக்கலாம் என்று சின்னாச்சி தீர்ப்புச் சொன்னார்.

மாமி தாளைக் கனநேரம் வைத்துப் பார்த்தார். அப்பாச்சியின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதைத் திருத்தச் சொன்னார். திருத்தினேன். “சரி, இப்ப எல்லாருக்கும் அனுப்பு” என்றார். படம் எடுத்து வாட்சப்பில் போட்டேன். அதன் கீழே மரணப் பதிவின் இலக்கத்தையும் போட்டிருக்கிறேன், பிள்ளைகள் யாராவது பிறகு பிரதி எடுக்க விரும்பினால் தேடாமல் எடுக்கலாம்.